சாம்பிராணி வளையங்கள்

எங்கள் தெருவில் சாம்பிராணி மணக்கக் கூடாத வீடுகள் இரண்டு. ஒன்று எங்களுடையது. மற்றது எதிர்வீடு. இரண்டும் மிஷன் சபையைச் சேர்ந்தவை. பூசைக்குச் சாம்பிராணி போடுகிறவர்கள் தெருவின் மேற்கே இருந்தார்கள். கிழக்கு முனையில், கடற்கரையிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் கோவிலில் தூபம் உண்டு. எங்கள் சபையில் தூபமும் இல்லை, சுரூபமும் இல்லை. ஆகவே ஒரு கோடையில், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து சாயங்காலம்தோறும் சாம்பிராணிப் புகை வரத் தொடங்கியபோது, தெரு அதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொண்டது. அந்த வீட்டுப் பெண் ரகசியமாக அம்மன் கோவிலுக்குப் போகிறாள் என்றது மேற்கு. இல்லை, ரோமன் வேதத்துக்கு மாறப்போகிறாள் என்றது கிழக்கு. தத்தம் பக்கம் ஓர் ஆள் கூடுவதாக இருவருமே நம்பினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி. நான் ஒரு மதராஸ் தினசரிக்கு நாகர்கோவில் நிருபராக இருந்தேன். வதந்தியை விசாரிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தவர் மிஷன் பெண்கள் பள்ளியின் சயன்ஸ் டீச்சர். மதராஸில் படித்துப் பட்டம் வாங்கியவர். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உயரம், வெள்ளைச் சேலை, ஒரு காது உடைந்து நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. கைகள் முழங்கைவரை கரி.

"உள்ள வாங்க, பத்திரிகைக்காரரே. வந்து கதவைச் சாத்துங்க. காத்து அடிச்சா கெட்டுப்போவும்."

எது கெட்டுப்போகும் என்று அவர் சொல்லவில்லை. அறையின் நடுவே மேசைமேல் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் படுத்திருந்தது. அதன் ஒரு முகத்தை வெட்டி எடுத்துவிட்டு ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருந்தார். எதிர் முகத்தில், செருகி எடுக்கும்படியாக ஒரு தகர மூடி. மூடியின் நடுவில் வட்டமாக ஒரு ஓட்டை. தகரத்துக்குள் சிரட்டைக் கனலில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. மூலையில் அவருடைய அம்மா லேஸ் தலையணையை மடியில் வைத்து நூல் பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லு மக்கா. இவளுக்குப் பேய் பிடிச்சிருக்கு," என்றார்.

டீச்சர் தோலைக் கையால் ஒரு தட்டு தட்டினார். ஓட்டையிலிருந்து புகை வெளியே வந்தது. புகையாக அல்ல, வளையமாக. ஒரு சாண் அகலம் இருக்கும். தனக்குள்ளேயே சுருண்டபடி, அவசரமில்லாமல், அறையின் குறுக்கே நேராகப் போனது. எதிர்ச் சுவரோரம் ஒரு மண்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வளையம் அதன்மேல் போய் விழுந்ததும் சுடர் அணைந்தது.

"இதுதான் எலெக்ட்ரான்," என்றார். உடனே திருத்தினார். "இல்ல. எலெக்ட்ரான் இப்படி இருக்கும்னு நான் நினைக்கேன். இது புகை."

அந்தத் திருத்தம்தான் அவர். பிறகு பல வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன். சொன்னதில் ஒரு விரல்கடை அதிகமாகிவிட்டால், யாரும் கேட்காமலே திரும்பிப் போய் அதை வெட்டிவிட்டு வருவார்.

அவர் சொன்னதை அன்று எழுதிக்கொண்டபடியே தருகிறேன். அணுவுக்கு நடுவே ஒரு கரு, அதைச் சுற்றி, சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல் சின்னச் சின்ன உருண்டைகளாக எலெக்ட்ரான்கள்; இதுதான் புத்தகத்தில் உள்ள படம். "மின்சார உருண்டை ஒண்ணு சுத்திக்கிட்டே இருந்தா ஒளி விடணும். விட்டா பலம் குறையும். குறைஞ்சா உள்ள போய் விழணும். கண்ணு மூடித் திறக்கதுக்குள்ள இந்த மேசை, சுவரு, நீங்க, நான் எல்லாம் சுருங்கி ஒண்ணுமில்லாம ஆவணும். ஆவல்லியே. அப்போ அது சுத்துத உருண்டை இல்ல. அந்தச் சுத்தேதான் எலெக்ட்ரான். வளையம். பழையாத்துல தண்ணி ஓடுது, ஆறு இருந்த இடத்துல கிடக்கு. அதுபோல, மின்சாரம் வளையத்துக்குள்ள ஓடும். வளையம் அங்கனேயே நிக்கும். ஒளி விட வேண்டிய கட்டாயம் அதுக்கு இல்ல."

"இது உங்க சொந்தக் கண்டுபிடிப்பா?" என்று கேட்டேன். ஆம் என்றால் எனக்கு அரைப் பத்தி கிடைத்திருக்கும்.

"இல்ல. அணுவே ஒரு வளையம்தான்னு சீமையில ஒருத்தரு, புகை வளையத்தைப் பாத்துட்டு, எங்கம்மா பிறக்கதுக்கு முன்னாலேயே சொன்னாரு. எலெக்ட்ரான் வளையம்னு அமெரிக்காவுல ஒருத்தரு சொன்னாரு. இப்போ ரெண்டையும் யாரும் சீந்துததில்ல."

"பின்ன நீங்க எதுக்கு?"

"அமெரிக்காக்காரரு சொன்னதைத் தப்புன்னு யாரும் காட்டல்ல. விட்டுட்டுப் போனாங்க. விட்டுட்டுப் போறதும் தப்புன்னு காட்டுததும் ஒண்ணா?"

சாம்பிராணிக்குப் பதிலாகத் தேங்காய் மட்டைத் தொண்டைப் புகைக்கக்கூடாதா, தெருவுக்கும் நிம்மதி என்றேன். போட்டுப் பார்த்தாகிவிட்டது என்றார். தொண்டுப் புகை பாதி வழியிலேயே பிய்ந்துபோகிறது. சாம்பிராணிதான் கனமாக நிற்கிறது. "தெருவுக்காக வளையத்தைக் கெடுக்க முடியுமா?"

பள்ளியில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த சொல் "தெரியாது" என்பது. மற்றவர்கள் அதை வாய்க்குள் முணுமுணுப்பார்கள்; அவர் ஜெபத்தின் முடிவில் ஆமென் சொல்வதுபோல் முழுக்குரலில் சொல்வார். மாணவிகளும் அப்படியே சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன பெண் பீரியட் முடியும்வரை நிற்க வேண்டும். பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த அணுவின் படத்துக்குக் கீழே, "இப்படி இருப்பதாக யாரும் பார்த்ததில்லை" என்று எல்லாரையும் பென்சிலால் எழுதவைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் பள்ளியைப் பார்வையிட வந்தபோது, எலெக்ட்ரான் எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணை எழுப்பிக் கேட்டாராம். அவள் நிமிர்ந்து நின்று, "தெரியாது சார்," என்றாள். அடுத்தவளும் தெரியாது சார். வகுப்பு முழுக்கத் தெரியாது சார். இன்ஸ்பெக்டர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கும் தெரியாது சார். உங்களுக்குத் தெரியுமா?" என்றார் டீச்சர். அவர் பணிவாகத்தான் கேட்டார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். இன்ஸ்பெக்டர் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று சாவி விவகாரம். பள்ளியின் தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்காரத் துரைசானியம்மா. அவருடைய ஸ்டோர் ரூம் சாவி காணாமற்போனது. சமையற்காரியிலிருந்து தோட்டக்காரன்வரை எல்லாரையும் விசாரித்தாயிற்று. மூன்றாவது வாரம் பிரார்த்தனையில் அறிவிப்பே செய்தார்கள். அப்போது டீச்சர் எழுந்து, "சாவி என்கிட்ட இருக்கு. இப்போ தர முடியாது," என்றார். மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் வேலை பார்த்த உறவினர் ஒருவர் பிரித்தெடுத்த மணலில் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார். கறுப்புத் தாளில் சுற்றிய போட்டோ பிளேட்டின்மேல் சாவியையும், சாவிமேல் அந்த மணல் பொட்டலத்தையும் வைத்து, சயன்ஸ் அலமாரியில் பூட்டியிருந்தார். பிளேட்டைக் கழுவும்வரை மணல் அசையக்கூடாது. துரைசானியம்மா ஸ்டோர் ரூம் பூட்டை உடைத்து அரிசி எடுத்தார். கடைசியில் பிளேட்டைக் கழுவியபோது சுற்றிலும் கருத்து, நடுவில் சாவி வெளிறித் தெரிந்தது. வெளிச்சமே படாத இடத்தில், மணலுக்குள் அணுக்கள் தாமாக உடைந்து எழுதிய படம். துரைசானியம்மா அதை வெகுநேரம் பார்த்தார். "வேறு சாவி கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். "பெரிய சாவி அது ஒண்ணுதான் இருந்துது," என்றார் டீச்சர்.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சாம்பிராணி அப்படியல்ல. மிஷன் பள்ளியில் வேலை பார்க்கிறவருக்கு வருஷந்தோறும் சபையின் நற்சாட்சி வேண்டும். அது இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் அந்த சயன்ஸ் அலமாரியும், அதிலிருந்த காந்தங்களும் தராசும், மதராஸிலிருந்து பள்ளிக்கு வரும் புத்தகங்களும் இல்லை. நாகர்கோவிலில் ஒரு பெண்ணுக்கு எலெக்ட்ரானைப் பற்றி யோசிக்க இடம் கொடுத்தது அந்த ஒரு அலமாரிதான். அவருடைய அம்மாவுக்குக் கவலை வேறு; போதகரை ஐயர் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். "ஏட்டி, நாளைக்கு எனக்க அடக்கத்துக்கு ஐயரு வரணும். உனக்க புகையினால நான் கல்லறைத் தோட்டத்துக்கு வெளிய கிடக்கணுமா?"

நற்சாட்சி கொடுக்கும் மாதம் வந்தபோது சபைப் பொறுப்பாளர்களான டீக்கன்மார் கூடினார்கள். எதிர்வீட்டுக்காரன் என்பதால் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். சபைக் கோவிலின் பின்னறை. ஞாயிறு ஆராதனை முடிந்த மத்தியானம். போதகர் நடுவில் இருந்தார். மென்மையான மனிதர், யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு வலப்புறம் டீக்கன்மாரில் மூத்தவரான ஓய்வுபெற்ற வக்கீல், வெள்ளைத் தலைப்பாகையுடன்.

"ஓய், உமக்க வீட்டுக்குச் சாம்பிராணி வாசனை வருமா?" என்று வக்கீல் என்னைக் கேட்டார்.

"வரும்."

"எதிர்வீட்டுல இருந்தாக்கும்?"

"எதிர்வீட்டிலிருந்துதான்."

"அங்க படம், விக்கிரகம் எதாவது கண்டீரா?"

"மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்று கண்டேன்."

டீச்சர் வந்தார். சும்மா வரவில்லை. தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சிரட்டையும் பொட்டலமுமாக வந்தார். விளக்கம் சொன்னால் போதும் என்றார் போதகர். "வாயால சொன்னா நீங்க நம்பணும் ஐயரே. நம்ப வேண்டாம், பாருங்க," என்று சொல்லிவிட்டு அவரே கதவுகளைச் சாத்தினார். எங்கள் கோவில் கட்டிடத்தில் சாம்பிராணி எரிந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வளையம் மேசையின்மேல் போய் வக்கீலின் தலைப்பாகையில் உடைந்தது. அவர் தும்மினார். பிறகு இரண்டு ஓட்டை வெட்டிய மூடியைச் செருகித் தட்டினார் டீச்சர். இரண்டு வளையங்கள் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பி, ஒன்றையொன்று நெருங்கி, கலக்காமல் நடுங்கி விலகிப் போயின. ஒரு டீக்கன், "இன்னொருக்கா காட்டு பிள்ளே," என்றார். இன்னொரு தடவை காட்டினார். மூன்றாம் தடவை அவர்கள் நாற்காலிகளைத் தள்ளிப்போட்டு வசதியாக உட்கார்ந்தார்கள். டீச்சர் ஆற்றையும் தண்ணீரையும் சொன்னார். போதகர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். விக்கிரக வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முடிந்தும் இருந்தது.

வக்கீல்தான் விடவில்லை. குறுக்கு விசாரணை பழகிய வாய்.

"அந்த மூடியை மாத்தினா வளையம் சின்னதாவுமா?"

"ஆவும்." சிறு ஓட்டை மூடியைச் செருகிக் காட்டினார். எலுமிச்சம்பழ அளவில் ஒரு வளையம் போனது.

"பெரிசு பண்ணினா பெரிசு."

"பெரிசு."

"உனக்க எலெக்ட்ரான் எல்லாம் ஒரே அளவா, பல அளவா?"

"எல்லாம் ஒரே அளவு. தங்கத்துல உள்ளதும் தண்ணியில உள்ளதும் ஒண்ணுதான்."

"அப்போ சொல்லு பிள்ளே. எல்லாத்துக்கும் ஒரே ஓட்டையை வெட்டினது ஆரு?"

டீச்சரின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி அவருக்குப் புதிதல்ல என்று தெரிந்தது. வெகுநாளாகத் தன்னையே கேட்டுப் பதில் கிடைக்காத கேள்வியை இன்னொருவர் வாயில் கேட்கிற முகம்.

போதகர் முன்னால் சாய்ந்தார். அவர் கண்களில் உண்மையான சந்தோஷம் இருந்தது. வழியைக் கண்டுகொண்டார், எல்லாருக்கும் நல்ல வழி. "அளந்து வெட்டினவர் ஆண்டவர்," என்றார். "எவ்வளவு அழகா இருக்கு. டீச்சர் சிருஷ்டியின் ஒழுங்கைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினாங்கன்னு எழுதிக்கலாம். நற்சாட்சியும் அங்கேயே ஆச்சு."

டீக்கன்மார் தலையசைத்தார்கள். வக்கீல்கூட அசைத்தார். டீச்சர் ஒன்றும் சொல்லாமலிருந்தால் போதும். எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுத் தகரத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"அப்படி எழுதாண்டாம் ஐயரே," என்றார் அவர். "எனக்குத் தெரியாதுன்னு எழுதுங்க."

"ஆண்டவர் வெட்டல்லன்னு சொல்லுதியா?" என்றார் வக்கீல்.

"வெட்டல்லன்னு நான் சொல்லல்ல. எப்படி வெட்டினாருன்னு கேக்கேன். அதுக்குப் பதில் எனக்க கையில இல்ல. பதில் இல்லாத ஓட்டையில ஆண்டவர் பேரை வச்சு அடைக்க எனக்கு மனசில்ல. நாளைக்கு ஒருத்தன் அந்த அளவைக் கண்டுபிடிச்சிட்டான்னா, ஆண்டவரை அங்கேருந்து இறக்கணும். அப்போ ஆருக்கு மானக்கேடு?"

இதைவிடப் பக்தியான பேச்சை நான் அந்தக் கோவிலில் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. போதகர் ஒரு தடவைக்கு இரண்டு தடவை அவகாசம் கொடுத்தார். "ஒரு வார்த்தைதானே டீச்சர்." "ஒரு வார்த்தைதான் ஐயரே. அதான் கஷ்டம்." போதகர் பேனாவை மூடினார்.

முடிவு மிதமாகவே இருந்தது. சாம்பிராணிக் குற்றம் தள்ளுபடி. நற்சாட்சியும் உண்டு. ஆனால் ஆண்டவர் பேர் சொல்ல வேண்டிய இடத்தில் தெரியாது என்கிறவரிடம் வளர்ந்த பெண்களை விடலாகாது. குழித்துறைப் பக்கம் மிஷன் நடத்திய ஒரு ஆரம்பப் பள்ளிக்கு மாற்றினார்கள். அங்கே சயன்ஸ் கிடையாது. அகரமும் கூட்டல் கழித்தலும்தான். அலமாரியின் சாவியைத் துரைசானியம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் தகரத்தை மேலே போடும்படி கண்டக்டர் சொன்னான். தோல் கிழியும் என்று மடியில் வைத்துக்கொண்டார். லேஸ் தலையணை அம்மா மடியில். "ரெண்டு பேருக்கும் ரெண்டு பிள்ளை," என்றார் அம்மா ஜன்னல் வழியாக என்னிடம். இருவரும் அழவில்லை.

நான் செய்தி அனுப்பவில்லை. மதராஸில் யாருக்கும் அது செய்தியல்ல.

சில வருஷம் கழித்து, ஆடி அமாவாசையில் முன்னோருக்குப் பலியிடும் வாவுபலிக் கூட்டத்தைப் பற்றி எழுதக் குழித்துறைக்குப் போனேன். குழித்துறைத் தாமிரபரணி கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. விசாரித்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே மணம் வந்தது. மூலையில் இருந்து அம்மா சாம்பிராணிக் கட்டியைத் தட்டிப் பொடித்துக்கொண்டிருந்தார். "இஞ்சத்த ஐயரு நல்லவரு மக்கா. அவருக்குச் சளி, மூக்கு அடைச்சிருக்கும்," என்றார்.

எனக்கு ஒரு சேதி சொல்ல இருந்தது. அணுவைப் பற்றிய புதிய கணக்கு வந்துவிட்டது. அணுவுக்குப் படமே வரைய முடியாதாம், உருண்டையும் இல்லை, வளையமும் இல்லை, கணக்கு மட்டும்தான் என்று ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். டீச்சரின் மனம் நோகுமோ என்று சுற்றிவளைத்துச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "திருவனந்தபுரத்துல புஸ்தகம் வாங்கிப் படிச்சேன். கணக்கு செரியாத்தான் இருக்கு. எலெக்ட்ரான் ஒரு சின்ன காந்தம்னும் இப்போ ஒத்துக்கிட்டாங்க. வளையமா இருந்தா காந்தமாத்தான் இருக்கணும். ஆனா காந்தமா இருக்கதுனால வளையம்தான்னு ஆவாது. அதையும் சொல்லணும்."

"படம் வரையவே முடியாது என்கிறார்களே?"

"எங்களால வரைய முடியல்லன்னு சொல்லட்டு. அது நியாயம். முடியவே முடியாதுன்னா, அது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது சரியா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குப் படிப்பு போதாது. பிற்பாடு வந்த புத்தகங்கள் அவர் பக்கம் நிற்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் அவரே திரும்பி வந்து திருத்துவார்.

சுவரில் ஆணிகள் அடித்து மூடிகளை மாட்டியிருந்தார். பெரிய ஓட்டை, சிறிய ஓட்டை, இரட்டை ஓட்டை, ஊசிமுனைபோல் ஒன்று. ஓரங்கள் புகையேறிக் கறுத்திருந்தன. கடைசி ஆணியில் தொங்கிய மூடி மட்டும் கறுக்காமல் வெறும் தகரமாக இருந்தது. அதில் ஓட்டையே இல்லை.

"இது?" என்றேன்.

"அது வக்கீலுக்க கேள்விக்கு உள்ளது," என்றார். "எல்லாம் ஏன் ஒரே அளவுன்னு தெரிஞ்ச பொறவுதான் வெட்டணும்."

"தெரியாமலே போனால்?"

"வெட்டாமலே கிடக்கட்டு."

அதே ஆணியில் தகரம் வெட்டும் கத்திரியும் தொங்கியது. ஆற்றங்கரை வீடு என்பதால் ஜன்னல் கம்பி, பூட்டு, குடைக்கம்பி எல்லாம் துருவேறிக் கிடந்தன. கத்திரியை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது. துரு இல்லை.